அரை இஞ்ச் குழாய் ஏன் 21 மில்லிமீட்டர் காட்டுகிறது?

மாணவர்களே, வீட்டில் கழற்றிப் போட்ட பழைய தண்ணீர்க் குழாய் ஏதேனும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஹார்ட்வேர் கடையில் மாட்டி வைத்திருக்கும் ஒன்றைப் பார்த்தாலும் போதும். கடைக்காரரிடம் கேட்டால் "அரை இஞ்ச்" என்பார். அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ. இப்போது சுவருக்குள் போகும் பக்கத்தில் உள்ள மரையின் குறுக்களவை ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஏறக்குறைய 21 மி.மீ. இருக்கும்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை, உங்கள் ஸ்கேலும் கெட்டுப் போகவில்லை. அந்த 21 மி.மீ.க்குப் பின்னால் நூற்றெண்பது ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது. நம் வீடுகளில் கிடக்கும் ஸ்க்ரூ, போல்ட், நட் எல்லாவற்றையும் இனம் கண்டுபிடிக்கும் வித்தையும் அந்தக் கதைக்குள்ளேயே வருகிறது. மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவர்களுக்கும், ரோபோ கட்டுபவர்களுக்கும், பழைய கம்ப்யூட்டரைப் பிரித்துப் போடுபவர்களுக்கும் இது தேவைப்படும்.

சுருட்டி வைத்த சரிவு

மரை என்பது ஓர் உருளையைச் சுற்றிச் சுருட்டிய சரிவுப் பாதை. ஒரு காகிதத்தை முக்கோணமாக வெட்டிப் பென்சிலின் மேல் சுற்றினால் அதன் சாய்ந்த விளிம்பு ஸ்க்ரூ மாதிரி ஏறிப் போகும். பாடப் புத்தகத்தில் இதைப் புரி என்று எழுதியிருப்பார்கள், பட்டறையில் மரை என்பார்கள். "அவனுக்கு மரை கழன்றுவிட்டது" என்று வீட்டில் திட்டுகிறார்களே, அதே மரைதான்.

ஒரு மரையை அடையாளம் காண நான்கு விவரம் வேண்டும். வெளி விட்டம் முதலாவது. ஒரு மரையின் உச்சியிலிருந்து அடுத்த மரையின் உச்சி வரை உள்ள தூரம் இரண்டாவது. இதற்குப் புரியிடைத்தூரம் என்று பெயர். போல்ட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் அது இவ்வளவு தூரம்தான் உள்ளே போகும். மரைப் பள்ளத்தின் கோணம் மூன்றாவது. அது எந்தப் பக்கம் சுற்றுகிறது, வலமா இடமா என்பது நான்காவது.

எம்8 என்று எழுதியிருக்கும் சாதாரண போல்ட்டை எடுத்துக்கொள்வோம். வெளி விட்டம் 8 மி.மீ., புரியிடைத்தூரம் 1.25 மி.மீ. மரையின் நடு ஆழத்தில் ஒரு சுற்று ஏறக்குறைய 22.6 மி.மீ. நீளம். அவ்வளவு தூரம் நடந்தால் 1.25 மி.மீ. மட்டுமே ஏறுகிறோம். முக்கோணவியல் படித்தவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள், சரிவு 3 டிகிரி சொச்சம்தான் வரும். எண்ணெய் பூசாத இரும்பின் மேல் இரும்பு வழுக்குவதற்குச் சுமார் 8 டிகிரி சரிவாவது வேண்டும். அதனால்தான் இறுக்கிய நட் தானாகப் பின்னால் உருண்டு வருவதில்லை. உராய்வு இல்லாவிட்டால் நம் கப்சாய் மோட்டார் சைக்கிள் கிள்ளானில் புறப்பட்டு ஷா ஆலம் போவதற்குள் துண்டு துண்டாகக் கழன்றிருக்கும்.

இஞ்சில் வந்த ரயில்

1841க்கு முன்னால் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு பட்டறை செய்த நட் இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து அளந்து, அவற்றின் சராசரியை எடுத்தார். மரைக் கோணம் 55 டிகிரி, ஒவ்வொரு விட்டத்துக்கும் ஓர் அங்குலத்தில் இத்தனை மரை என்று பட்டியல் போட்டு 1841இல் லண்டன் சிவில் பொறியாளர் கழகத்தில் முன்வைத்தார். ரயில் கம்பெனிகள் அதை ஏற்றுக்கொண்டதும் மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள்.

ரயில் போன இடமெல்லாம் அந்த மரையும் போனது. சிலாங்கூரின் முதல் ரயில் 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை ஓடியது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. செந்தூலில் ரயில்வேயின் பெரிய பட்டறை எழுந்தது. இந்த இரண்டு இடங்களிலும் தமிழர்கள் நிறைந்திருந்தார்கள், உங்களில் சிலருடைய கொள்ளுத்தாத்தாக்களும் அங்கே ஸ்பேனர் பிடித்திருக்கலாம். பிரிட்டனில் செய்த ரயில் எஞ்சின்களின் போல்ட்டுகள் விட்வொர்த் மரை கொண்டவை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மலாயாவின் தண்டவாள இடைவெளி சரியாக 1 மீட்டர். ஆக, மீட்டர் பாதையில் இஞ்ச் எஞ்சின் ஓடியது.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1864இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் என்பவர் 60 டிகிரிக் கோணத்தை முன்மொழிந்தார். 60 டிகிரி சமபக்க முக்கோணத்தின் கோணம், அதனால் அளப்பதும் வெட்டுவதும் சுலபம். என்னைக் கேட்டால் விட்வொர்த்தைவிட இவர்தான் பட்டறைக்காரனின் கஷ்டம் தெரிந்தவர்.

வெவ்வேறு மரை இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கிறீர்களா? 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் தீப்பிடித்து எரிந்தது. வாஷிங்டனிலிருந்தும் மற்ற நகரங்களிலிருந்தும் தீயணைப்பு வண்டிகளை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். வந்த வண்டிகள் பலவற்றின் தண்ணீர்க் குழாய் பால்டிமோரின் தெருக் குழாயில் பொருந்தவில்லை. இரண்டின் இணைப்பும் வேறு வேறு அளவு. தண்ணீர் இருந்தது, வண்டி இருந்தது, ஆளும் இருந்தார்கள். 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்து போயின.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன், அமெரிக்க ராணுவங்களுக்கும் இதே தலைவலி வந்தது. போர் முடிந்த பிறகு 1948இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 60 டிகிரிக் கோணத்தில் ஒரு பொது இஞ்ச் மரைக்கு ஒப்புக்கொண்டன. பிறகு உலகம் மெல்ல மெல்ல மெட்ரிக் மரைக்கு மாறியது. மெட்ரிக் மரையின் கோணமும் 60 டிகிரிதான், ஆனால் அளவுகள் மி.மீ. கணக்கில். மலேசியா 1972இல் எடை, அளவைச் சட்டம் கொண்டுவந்து மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியது.

ஆனால் சட்டம் மாறினாலும் சுவருக்குள் பதித்த குழாய் மாறாதல்லவா! அதனால் இன்றைக்கும் ஒரே வீட்டில் மூன்று குடும்பத்து மரைகள் குடியிருக்கின்றன. கப்சாய் மோட்டார் சைக்கிளில் மெட்ரிக். தண்ணீர்க் குழாயில் விட்வொர்த்தின் 55 டிகிரி. கேமரா ஸ்டாண்டிலும் மேசைக் கம்ப்யூட்டரிலும் இஞ்ச் மரை.

ஒரு நிமிடம் அளந்திருந்தால்

பல ஆண்டுகளுக்கு முன் என் கப்சாயின் எண்ணெயை நானே மாற்றினேன். எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய் போல்ட்டின் தலை தேய்ந்து போயிருந்தது. புதுசு வாங்கக் கடைக்குப் போய், "12 மி.மீ. போல்ட்" என்று கேட்டு வாங்கி வந்தேன். கையாலேயே ஒன்றரைச் சுற்று நன்றாக ஏறியது. பிறகு இறுகியது. புது போல்ட் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டு அழுத்தினேன். இன்னும் ஒரு சுற்று ஏறியது. அப்புறம் திடீரென்று லேசாகிவிட்டது.

அந்த "லேசு" வரும்போது உள்ளங்கையில் தெரியும். எஞ்சின் கூட்டின் அலுமினிய மரை மொத்தமாக உரிந்து போல்ட்டோடு வந்துவிட்டது. பழைய போல்ட் 12 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. புரியிடைத்தூரமும் கொண்டது. நான் வாங்கியது அதே 12 மி.மீ. விட்டம், ஆனால் புரியிடைத்தூரம் 1.25. கார்களில் அப்படிப்பட்ட போல்ட்டுகள் ஏராளம். கடைக்காரர் மேல் தப்பில்லை. நான் கேட்டதைத்தான் கொடுத்தார்.

முதல் ஒன்றரைச் சுற்று ஏன் ஏறியது? ஒவ்வொரு மரைக்கும் வித்தியாசம் 0.25 மி.மீ. நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே எப்போதும் கொஞ்சம் தளர்வு இருக்கும், அந்தத் தளர்வு முதல் வித்தியாசத்தை விழுங்கிவிடும். இரண்டாவது மரையில் வித்தியாசம் 0.5, மூன்றாவதில் 0.75. அதற்கு மேல் இடமில்லை, இரும்பு அலுமினியத்தைச் சீவத் தொடங்கும். ஆகவே "இரண்டு சுற்று நன்றாகப் போச்சு" என்பது சரியான போல்ட் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. விரலால் மட்டும், ஸ்பேனர் இல்லாமல், ஐந்தாறு சுற்று போக வேண்டும். போகவில்லையென்றால் கழற்றி அளக்க வேண்டும்.

அளக்கிறது எப்படி? பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பிடித்த அங்குப் வெர்னியர், அதாவது வெர்னியர் அளவி, இருந்தால் நல்லது. முதலில் வெளி விட்டம். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். எம்8 போல்ட்டை அளந்தால் சரியாக 8.00 வராது. 7.76க்கும் 7.97க்கும் நடுவில் ஏதாவது வரும். நட்டுக்குள் சுழல இடம் வேண்டும் என்பதால் போல்ட்டைக் கொஞ்சம் ஒல்லியாகவே செய்கிறார்கள். ஆகவே 7.9 என்று வந்தால் பக்கத்து முழு எண்ணை நினையுங்கள்.

அடுத்தது புரியிடைத்தூரம். ஒரு மரையை மட்டும் அளக்க முயலாதீர்கள். 1.25ஐயும் 1.5ஐயும் ஸ்கேலில் கண்ணால் பிரிக்க முடியாது. பத்து இடைவெளியைச் சேர்த்து அளந்து பத்தால் வகுங்கள். 12.5 மி.மீ. வந்தால் 1.25, 15 மி.மீ. வந்தால் 1.5. பிளாஸ்டிக் ஸ்கேலிலேயே தெரிந்துவிடும். ஊசலின் அலைவு நேரத்தை அளக்க இருபது அலைவு எண்ணி வகுப்பீர்களே, அதே தந்திரம். ஆனால் எண்ணும்போது எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. பத்து இடைவெளிக்குப் பதினோரு உச்சி வேண்டும். பத்து உச்சியை எண்ணினால் ஒன்பது இடைவெளிதான் கிடைக்கும், 1.25 மரை 1.125 என்று காட்டும். அப்படி ஒரு மரையைத் தேடி ஊரெல்லாம் அலைய வேண்டியதுதான்.

கண்ணுக்கு உச்சிகள் மங்கலாகத் தெரிந்தால் போல்ட்டின் மேல் பென்சில் கரியைத் தேய்த்து வெள்ளைத் தாளில் அழுத்தி எடுங்கள். கோடு கோடாகப் பதியும். 25.4 மி.மீ. தூரத்துக்குள் எத்தனை கோடு என்று எண்ணினால் இஞ்ச் மரைக்கும் விடை கிடைக்கும்.

திரெட் கேஜ் என்று ஒரு கருவி விற்கிறார்கள். விசிறி மாதிரி விரியும் மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் சீப்பு மாதிரிப் பற்கள், மேலே அளவு பொறித்திருக்கும். தகட்டை மரையில் வைத்து விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், பொருந்தாத தகட்டில் வெளிச்சம் கசியும். இது இல்லையென்றாலும் பரவாயில்லை. அளவு தெரிந்த ஒரு போல்ட்டைச் சந்தேகப்படும் போல்ட்டோடு பக்கம் பக்கமாகப் பல்லோடு பல் கோத்து வெளிச்சத்தில் பாருங்கள். முழு நீளத்துக்கும் படிந்து உட்கார்ந்தால் புரியிடைத்தூரம் ஒன்றே. வீட்டுப் பட்டறையில் இதைவிட மலிவான கருவி கிடையாது.

ஏமாற்றும் இரட்டையர்கள்

சில ஜோடிகளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கேமரா ஸ்டாண்டின் ஸ்க்ரூ கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ., அங்குலத்துக்கு 20 மரை. பார்வைக்கு எம்6 போலவே இருக்கும். எம்6இன் புரியிடைத்தூரம் 1 மி.மீ., இதனுடையது 1.27. கேமராவின் அடியில் எம்6 போல்ட்டைத் திணித்தால் நஷ்டம் கேமராவுக்குத்தான்.

மேசைக் கம்ப்யூட்டரைப் பிரித்தால் கிண்ணத்தில் இரண்டு வகை ஸ்க்ரூ சேரும். பெரிய ஹார்ட் டிஸ்க்கைப் பிடிப்பது இஞ்ச் வகை, 3.5 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 32 மரை. இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி.யைப் பிடிப்பது எம்3, புரியிடைத்தூரம் 0.5 மி.மீ. மரை தடியாகத் தெரிந்தால் இஞ்ச், நெருக்கமாக இருந்தால் மெட்ரிக். வெக்ஸ் ரோபோப் போட்டிக்குப் போகும் மாணவர்கள் கையில் இருக்கும் உலோகத் துண்டுகளுக்கான ஸ்க்ரூவும் அங்குலத்துக்கு 32 மரைதான், விட்டம் 4.17 மி.மீ. அதற்கு ஹார்ட்வேர் கடை எம்4 நட் ஏறாது. பத்து இடைவெளி அளந்தால் ஒன்று 7.9 மி.மீ., மற்றது 7.0 மி.மீ.

மிகவும் மோசமான ஜோடி எம்5ம், அமெரிக்காவின் "10-32" என்ற ஸ்க்ரூவும். பத்து இடைவெளி ஒன்றில் 8.0, மற்றதில் 7.94. ஸ்கேல் தோற்றுவிடும். விட்டமும் 5.0, 4.83 என்று பக்கத்திலேயே நிற்கிறது. 10-32 ஸ்க்ரூ எம்5 நட்டுக்குள் கடைசிவரை போய்விடும், ஆனால் தொளதொளவென்று ஆடும். எம்5 போல்ட்டோ அந்த அமெரிக்க நட்டுக்குள் நுழையாது. இங்கே அளவியைவிட ஆட்டிப் பார்க்கும் விரல்தான் சரியாகச் சொல்லும்.

மறுபடியும் குழாய்க்கு

இப்போது அந்த 21 மி.மீ.க்கு வருவோம். பழைய காலத்து இரும்புக் குழாயின் பெயர் அதன் உள் ஓட்டையை வைத்து ஏற்பட்டது. தண்ணீர் எவ்வளவு போகும் என்பதுதானே வாங்குபவருக்கு முக்கியம்! உள்ளே அரை அங்குலம், சுற்றிலும் தடித்த இரும்புச் சுவர், அதன் வெளிப்பக்கத்தில் மரை. எல்லாம் சேர்ந்து வெளி விட்டம் 20.955 மி.மீ. பிற்காலத்தில் குழாயின் சுவர் மெலிந்தது, செம்பு வந்தது, பிளாஸ்டிக் வந்தது. ஆனால் பழைய குழாயோடு பொருந்த வேண்டும் என்பதற்காக மரை அப்படியே நின்றுவிட்டது, பெயரும் அரை அங்குலம் என்றே நின்றுவிட்டது.

இதற்கு பி.எஸ்.பி. என்று பெயர், பிரிட்டிஷ் குழாய் மரை. அரை அங்குலத்துக்கும் முக்கால் அங்குலத்துக்கும் அங்குலத்துக்கு 14 மரை. முக்கால் அங்குலத்தின் வெளி விட்டம் 26.44 மி.மீ. உங்கள் வீட்டு ஷவர் ஹோஸின் முனை அரை அங்குல வகை, துணி துவைக்கும் இயந்திரத்தின் தண்ணீர் ஹோஸ் முக்கால் அங்குல வகை. அளந்து பாருங்கள்.

குழாய் மரையில் இன்னொரு கேள்வியும் உண்டு. நேரான மரையா, கூம்பிப் போகும் மரையா? நேரானது என்றால் தண்ணீரைத் தடுப்பது உள்ளே உள்ள ரப்பர் வளையம், மரை வெறும் பிடிமானத்துக்குத்தான். அதற்கு வெள்ளை டேப்பைச் சுற்றுவது வீண் வேலை. கூம்பு மரை 16க்கு 1 என்ற கணக்கில் ஒடுங்கும். உள்ளே போகப் போக இறுகி மரையே தண்ணீரை அடைக்கும், டேப் மீதி இடுக்குகளை நிரப்பும். டேப்பை இறுக்கும் திசையிலேயே சுற்ற வேண்டும், மாற்றிச் சுற்றினால் திருகும்போது சுருண்டு வெளியே வந்துவிடும்.

இணையத்தில் அழகான அமெரிக்கக் குழாய் ஒன்றைப் பார்த்து வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்கக் குழாய் மரைக்கு என்.பி.டி. என்று பெயர். அரை அங்குலத்தில் அதற்கும் 14 மரைதான், வெளி விட்டம் 21.3 மி.மீ. ஆகவே நம் வீட்டுக் குழாயில் கொஞ்ச தூரம் ஏறும், இறுகவும் செய்யும். ஆனால் அதன் கோணம் 60 டிகிரி, நம்முடையது 55. உச்சியும் பள்ளமும் முழுதாகத் தொடாது, நடுவில் ஒரு நூலிழைச் சந்து சுருளாக ஓடும். டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் ஒரு நாள் இரவில் சொட்டத் தொடங்கும். மாடி வீடு என்றால் கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார்.

இடப்பக்கம் திரும்பும் மரை

நான்காவது விவரத்தை மறந்துவிட்டோமே. போல்ட்டை நிமிர்த்திப் பிடித்தால் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் வலப்பக்கம் ஏறினால் வழக்கமான மரை. இடப்பக்கம் ஏறினால் இட மரை, அதைக் கழற்றக் கடிகார முள் சுற்றும் திசையில் திருக வேண்டும்.

உங்கள் வீட்டு ஸ்டாண்ட் ஃபேனிலேயே ஒன்று இருக்கிறது. பெரும்பாலான ஃபேன்கள் முன்னாலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுற்றும். சுவிட்சைப் போட்டதும் மோட்டார்த் தண்டு சட்டென்று கிளம்பும், இறக்கையைப் பிடிக்கும் மூடி தன் நிலைமத்தால் ஒரு கணம் பின்தங்கும். வழக்கமான மரையாக இருந்தால் ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் மூடி கொஞ்சம் கழலும். இட மரையாக இருப்பதால் கொஞ்சம் இறுகுகிறது. ஃபேன் கழுவும்போது "என்னதான் திருகினாலும் வரமாட்டேங்குது" என்று பலம் போட்டு அந்தப் பிளாஸ்டிக் மூடியை உடைத்தவர்கள் பலர். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கடிகாரத் திசையில் திருப்புங்கள்.

சைக்கிளின் இடது பெடலும் இட மரைதான், தண்டின் முனையில் "எல்" என்று பொறித்திருக்கும். யமாஹா மோட்டார் சைக்கிள்களில் வலப்பக்கக் கண்ணாடி இட மரை. வெல்டிங் பட்டறையில் அசிட்டிலின் போன்ற எரிவாயு உருளைகளின் இணைப்பும் அப்படியே. ஆக்சிஜன் உருளையின் குழாயை யாரும் தவறிக்கூட எரிவாயு உருளையில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே மாற்றி வைத்திருக்கிறார்கள். பொருந்தாமல் போவதே இங்கே பாதுகாப்பு. பால்டிமோரில் நடந்ததற்கு நேர் எதிர்.

கடைசியாக ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. போல்ட் தொலைந்துபோய் ஓட்டை மட்டும் இருந்தால்? ஓட்டையின் உள் விட்டத்தை வெர்னியரின் மேல் தாடைகளால் அளந்து, புரியிடைத்தூரத்தைக் கூட்டுங்கள். எம்8 ஓட்டை 6.7 அல்லது 6.8 காட்டும். 1.25ஐக் கூட்டினால் 8 வந்துவிடும். புரியிடைத்தூரம் தெரியவில்லையென்றால் சாப்பிடும் மரக்குச்சி ஒன்றை உள்ளே விட்டு ஓரத்தில் அழுத்தி எடுங்கள், மரையின் பல் குச்சியில் பதிந்திருக்கும். மின்சாரப் பிளக் பாயின்ட் ஓட்டைகளில் மட்டும் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

என் எஞ்சின் கூட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, கம்பிச் சுருள் ஒன்றை உள்ளே திருகி, மறுபடியும் 12 மி.மீ., 1.5 மரையாக்கிக் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் பட்டறைக்காரர் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு பலகையில் எம்4 முதல் எம்14 வரை போல்ட்டுகள் வரிசையாகச் சொருகி, ஒவ்வொன்றின் கீழும் அளவு எழுதியிருந்தது. என் பழைய போல்ட்டை அவற்றில் ஒன்றோடு கோத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். ஐந்து வினாடிதான் ஆனது. அன்று சாயங்காலமே நானும் ஒரு பலகையைத் தேடி எடுத்து ஓட்டை போட ஆரம்பித்தேன்.